புல்லைக் கடித்துப் பார்த்தவர்

அவர் கடித்துப் பார்க்காமல் புல் அறுத்ததே இல்லை. வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, தூரில் ஒரே ஒரு தண்டை ஒடித்துக் கடைவாயில் போட்டு மெல்லுவார். சாறு இறங்கினால் அரிவாளை எடுப்பார். நார் பல்லில் மாட்டிக்கொண்டால் துப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார், ஏதோ அந்த நாரை நான்தான் உள்ளே வைத்துத் தைத்துவிட்டதுபோல.

"நாளு தப்பிப்போச்சு சார். நேத்தே அறுத்திருக்கணும்."

ஒரு நாளில் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று நான் சிரித்திருக்கிறேன். ஐம்பது வருஷம் கழித்து இப்போது சிரிப்பு வரவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கேயாவது நன்றாக இருப்பார். என்னால் அவருக்கு இன்னொரு தொந்தரவு வேண்டாம். ஊரில் அவரைப் 'புல்லுக்காரி' என்றார்கள். கேலி முற்றினால் 'ரெண்டு கால் பசு' என்பார்கள். அவர் புல்லை மட்டுமா கடித்தார்? வைக்கோலைக் கடிப்பார். கடைத்தெருவில் கடலைப் புண்ணாக்கை நுனிப்பல்லால் கடித்துப் பார்த்து, "இது போன வருஷத்துது" என்று மூட்டையைத் தள்ளிவிடுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் நல்ல மூட்டையை முன்னால் இழுத்துப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் திருக்காட்டுப்பள்ளிக்காரன். கால்நடைத் துறையில் கள உதவியாளராகச் சேர்ந்து, கீழத் தஞ்சையில் ஒரு கடைமடை ஊருக்குச் சைக்கிளும் கையுமாகப் போய் இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. நெல்லைத் தவிர வேறு எதையும் பயிர் என்று ஒப்புக்கொள்ளாத ஜனங்களிடம் போய், மாட்டுக்குப் புல் பயிரிடுங்கள் என்று சொல்வது என் வேலை. "வரப்புல இல்லாத புல்லா? இதுக்கு ஒரு ஆபீசரா?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். நான் ஆபீசர் இல்லை என்பதை அவர்களிடம் நான் சொல்லிக்கொள்ளவில்லை.

கினியாப் புல்லின் வேர்க்கரணைகளைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வேண்டும் என்று கை நீட்டியவர் அவர் ஒருவர்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், சேரியில் அவர் வீடு. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வந்தவர். என் வயதுதான். அப்பாவுக்கு யானைக்கால், வயலில் இறங்க முடியாது. அப்பா பெயரில் மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த ஒன்றரை மா நிலம், அரை ஏக்கர், இருந்தது. கடைமடை, அதிலும் மேடு. மேட்டூர் திறந்து ஊரெல்லாம் தண்ணீர் குடித்து முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அந்த மேட்டுக்கு ஏறும். மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் நெல் பதராகப் போன நிலம். அங்கேதான் அவர் என் கரணைகளைக் கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் நட்டார். நடுநடுவே தட்டைப்பயறு விதைத்தார். வரப்பில் அகத்தி வைத்தார். மூன்றாம் மாதத்தில் அந்த மேடு பச்சையாக எழுந்து நின்றது. ஒரு எருமையும் இரண்டு பசுவும் அதைத் தின்று கறந்த பாலில்தான் வீடு ஓடியது. குத்தகை நெல்லை வெளியே வாங்கி அளந்துவிடுவார்கள்.

முதல் நாள் நான் அவரை "நீங்க" என்றபோது அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ நிற்கிறார்கள் என்று. சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஊரில் அவரை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என்னிடம் இலாகா கொடுத்த ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதில் எல்லாம் இருந்தது. அவர் வாயில் இருந்தது மட்டும் இல்லை. ஒரு தடவை யூரியா கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரே வாரத்தில் புல் கருகருவென்று கிளம்பி, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கும்படி ஆயிற்று. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அவர் ஒரு தண்டைக் கடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எப்படி?" என்றேன்.

"தண்ணியாத்தான் இருக்கு சார். இதத் தின்னா வயிறு ரொம்பும், மடி ரொம்பாது."

இரண்டு நாளில் மாடு கழிந்தது. அப்புறம் எருவைப் போட்டுவிட்டு, யூரியாவை உப்பு மாதிரி அளந்துதான் தூவுவார். அறுக்கும்போது தரையோடு வழிக்க மாட்டார். அரைச் சாண் கட்டை விடுவார். "ஒட்ட அறுத்தா இன்னைக்கு ஒரு கட்டு கூடுதல் சார். அடுத்த அறுப்புல மூணு கட்டு போயிரும்." பனிக்காலத்தில் புல் மெதுவாக வளரும் என்பதற்காக நாளைத் தள்ளிப்போடுவாரே தவிர, பூக்கதிர் எட்டிப் பார்க்கும்வரை ஒருநாளும் விட்டதில்லை. கதிர் வந்த கினியாப் புல்லை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது திருப்பிக்கொண்டால் அவருக்கு அவமானம்.

என் மானத்தை ஒரு தடவை கப்பலேற்றியவரும் அவர்தான். பஞ்சாயத்து ரேடியோ அறை முன்னால் கூட்டம் போட்டு, "எந்தத் தீவனமா இருந்தாலும் இளசா அறுக்கணும்" என்று முழங்கிக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் குரல்.

"சோளத்தையுமா சார்?"

நான் விழித்தேன்.

"வாடுன சோளக்குருத்தத் தின்னா மாடு நின்ன எடத்துலயே சுருண்டு விழுந்துருமே. பூ வந்தப்புறம் அறுக்கச் சொல்லுங்க சார். புல்லுக்கு ஒரு நாளு, சோளத்துக்கு வேற நாளு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போது வெயில் காலம். இரண்டு பேர் வீட்டில் வாடிய சோளக்குருத்தை மாட்டுக்குப் போட வெட்டி வைத்திருந்தார்கள். என் பேச்சைக் கேட்டுப் போட்டிருந்தால் என்னை ஊர் எல்லை வரை விரட்டியிருப்பார்கள். மறுநாள் அவரிடம் போய், "பெரிய காரியம் பண்ணீங்க" என்றேன். "நீங்க கோச்சுக்குவீங்கன்னு ராத்திரியெல்லாம் நெனச்சேன் சார்" என்றார். வாயோரத்தில் பச்சைக் கறை இருந்தது. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றதில் சைக்கிள் சாய்ந்து கரணைச் சாக்கு வாய்க்காலில் விழுந்தது.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. கறுப்பு சிவப்புக் கொடி பறந்த மேடைகளுக்குக் கீழே நின்று, சாதி ஒழிக என்றும் விதவைக்கு மறுமணம் வேண்டும் என்றும் பேசியவர்களுக்குக் கை சிவக்கச் சிவக்கத் தட்டியவன் நான். அந்தக் கையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நீட்ட மட்டும் வரவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். அவர்கள் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பசு கன்று போட்டபோது ஒரு பித்தளைக் கிண்ணியில் சீம்பால் கொண்டுவந்து, கொடுப்பதா வேண்டாமா என்று நின்றார். வாங்கிக் குடித்தேன். அவர் அப்பா வாசலில் எழுந்து நின்றுவிட்டார். எங்களுக்குள் நடந்தது இவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் கீழத் தஞ்சை கொதித்துக்கொண்டிருந்தது. கூலிக்குச் சண்டை, வெளியூர் ஆளை அறுவடைக்கு இறக்கினால் சண்டை. அதோடு புதுச் சட்டம் வந்தது: யார் உழுகிறார்களோ அந்தக் குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும். பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் பதிவதற்கு முன்னால் வெளியேற்றிவிடப் பல மிராசுதார்கள் அவசரப்பட்டார்கள். எங்கள் ஊர் மிராசுதாரின் காரியஸ்தர் அந்த ஒன்றரை மாவைக் குறிவைத்தார். அவர் பிடித்த வாதம் எளிது. குத்தகைக்கு எடுத்தவன் பயிர் வைக்கவில்லை, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டான், புல் மண்டிக் கிடக்கிறது. கர்ணமும் பயிர்ப் பதிவேடான அடங்கலில் 'தரிசு' என்று எழுதிவிட்டார். நெல் தெரிந்த ஊருக்குப் புல் தரிசாகத்தான் தெரியும். அந்தப் புல்லைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று நாள் குறித்தார்கள். புல் பயிர் என்று அவர் எழுதினால் நிலம் நிற்கும். தரிசு என்று எழுதினால் போயிற்று. நான் இரண்டு காரியம் செய்தேன். ஒரு பலகை வாங்கி வெள்ளை அடித்து, என் கையாலேயே எழுதி வயல் முனையில் நட்டேன்: 'தீவனப் புல் செயல்விளக்கத் திடல். கினியாப் புல். பூ எடுக்கும் முன் அறுவடை செய்யவும்.' கீழே இலாகா பெயர். இரண்டாவது, அவரிடம், "அறுக்காதீங்க, இன்ஸ்பெக்டர் வரட்டும், ஆள் உயரத்துக்கு நின்னாத்தான் பயிர்னு தெரியும்" என்றேன்.

அவர் தண்டைக் கடித்துப் பார்த்தார். "நாளு வந்துருச்சே சார்."

"நாலு நாள்தானே?"

"நீங்க சொன்னா சரி."

இன்ஸ்பெக்டர் அந்த நாளில் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அப்புறம் அதற்கடுத்த வாரம். புல் கதிர் தள்ளி, தண்டு பிரம்பாகி, காற்றில் சாய்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர் வரப்பு வரப்பாக அலைந்து இளம்புல் பிடுங்கிவந்து போட்டார். எத்தனை மாட்டுக்குப் போதும்? பால் வாங்கும் டீக்கடை பாய் நல்ல மனுஷர், சுடுசொல் பேச மாட்டார். அவரே ஒருநாள், நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது, பாலைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா, பால் மெலிஞ்சு போச்சே. தண்ணி கிண்ணி சேர்ந்துடுச்சா?"

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. "சேக்கல பாய். புல்லு முத்திப்போச்சு. அதான்."

தலையைக் குனிந்து வெறும் செம்பை வாங்கிக்கொண்டு போனார். என் யோசனையைக் கேட்டு, மாட்டைப் பட்டினி போட்டு, பாலில் தண்ணீர் கலந்தவர் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு போகிறார். எழுந்து ஓடி இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். கடைத்தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வருவது உறுதியாயிற்று. அதற்கு முதல் நாள் என் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேலிடத்தில் யாரோ போய்ப் பேசியிருக்கிறார்கள். "நிலத் தகராறுல நம்ம இலாகா ஆளு தூண்டிவிடுறான்னு புகார் வந்திருக்குய்யா. நாளைக்கு நீ அந்த வயல் பக்கம் தலைய காட்டுனே, உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல" என்றார். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் அந்தச் சம்பளம் ஒன்றுதான்.

சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவர் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நாளைக்கு வந்து இது பயிர்தான் என்று சொல்வதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வர முடியாது என்றேன். தவிட்டுக் கையைக் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சரி சார்."

நான் திரும்பும்போது, "அந்தப் போர்டு?" என்றார்.

அந்தப் பலகைதான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. அதில் இருந்த எழுத்து என் கையெழுத்து, என் இலாகா பெயர். அது நின்றால் நான் மாட்டுவேன். இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை, எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாட்டிடம் போய்விட்டார்.

மறுநாள் நான் பத்து மைல் தள்ளி வேறொரு ஊரில் கோழிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அன்று நடந்ததை மூன்றாம் நாள் அவர் அப்பாதான் சொன்னார்.

விடிந்தும் விடியாமலும் மகள் அரிவாளோடு இறங்கியிருக்கிறார். காரியஸ்தரும் இன்ஸ்பெக்டரும் வந்து சேர்வதற்குள் ஒன்றரை மாவையும் தனி ஆளாக அறுத்துப் போட்டுவிட்டார். "ஏம்மா, அந்த சார் அறுக்க வேணாம்னாரே" என்று அப்பா கத்தியும் கேட்கவில்லை. வெறும் வயலைப் பார்த்த காரியஸ்தருக்கு ஏக சந்தோஷம். "பாருங்க சார், என்ன இருக்கு? மண்டுன புல்ல மழிச்சு வச்சிருக்கா. தரிசு."

இன்ஸ்பெக்டர் வரப்பில் ஏறி நின்று பார்த்தாராம். நான் ஆள் உயரத்துக்கு நிற்க வேண்டும் என்றேனே, நின்றபோது அது காடுதான். அறுத்த பிறகுதான் தெரிந்தது: அரைச் சாண் கட்டைகள், கயிறு பிடித்த வரிசை, வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளி, நடுவில் தட்டைப்பயறு, பாத்தி, வாய்க்கால் மடை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கட்டைகூட விலகி நிற்கவில்லை.

"களை கவுறு புடிச்சு மொளைக்குமா சார்?" என்று அவர் கேட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டாராம். கூட வந்த கர்ணத்தைப் பார்த்து, "எழுதுய்யா, தீவனப் பயிர் சாகுபடின்னு" என்றாராம்.

காரியஸ்தர் விடவில்லை. "கவர்மெண்ட் ஆளு ஒருத்தன் கூட இருந்து தூண்டிவிட்டிருக்கான் சார். இங்க போர்டுகூட வச்சிருந்தான்" என்றார். இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்தார். பலகை இல்லை.

"யாரும்மா? இலாகாவுலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலீங்க" என்றார் அவர்.

இதைச் சொல்லும்போது பெரியவர் மகளைப் பற்றிய பெருமையில் சிரித்துக்கொண்டிருந்தார். என்னால் அவர் முன்னால் உட்கார முடியவில்லை.

மகள் தொழுவத்துக்குள்ளிருந்து பலகையைக் கொண்டுவந்தார். பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார். பலகையின் காலில் ஒட்டியிருந்த சேறுகூட இல்லை, கழுவித் துடைத்திருந்தார்.

"எழுத்து அழியல சார். பாத்துக்குங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "ரொம்ப நன்றிங்க" என்று மட்டும் வாயில் வந்தது. பலகையைச் சைக்கிள் கேரியரில் கட்ட அவரே கயிறு பிடித்தார். முடிச்சு போட்டுவிட்டு, கீழே கிடந்த ஒரு தண்டை எடுத்துக் கடித்து, நார் என்று துப்பினார். "அடுத்த அறுப்பு நல்லா வரும் சார். நாள் விடாம பாத்துக்கிறேன். நீங்க வந்து பாருங்க." எங்கள் கடைசிப் பேச்சு அது.

பலகையை எடுத்தும் நான் தப்பவில்லை. அந்த மாதமே மாற்றல் வந்தது, நாகப்பட்டினத்துக்கு. அவர் அந்தச் சாட்சியைப் பிடுங்கி ஒளித்ததற்கு ஒரு பலனும் இல்லை என்பதை அவரிடம் சொல்லக்கூட நான் போகவில்லை.

தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. எனக்கும் ஆயிற்று, என் மனைவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலையில் ஊர் ஊராகப் புல் நடச் சொன்னேன், எத்தனையோ திடல்களில் பலகை நட்டேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு தண்டை ஒடித்துக் கடித்துப் பார்ப்பேன். சாறு இறங்கினால் அன்றைக்கெல்லாம் மனசு அவரிடமே போய் நிற்கும். அந்தப் பலகை இன்னும் என் வீட்டுக் கொல்லையில் சுவரில் சாய்ந்திருக்கிறது. மழையில் இலாகா பெயர் கரைந்துபோய்விட்டது.

வந்து பாருங்க என்றார். நாகப்பட்டினத்திலிருந்து அந்த ஊருக்கு நேர் பஸ். மாறி ஏறக்கூட வேண்டாம்.